விவாகரத்தும் வேண்டாம், அடியும் வேண்டாம்: இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறதா?

கேள்வி: தங்கைக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், இரண்டு குழந்தைகள். கணவர் குடித்தாலும் அடி, குடிக்காவிட்டாலும் அடி. குடியிருப்பது மாமனார் பெயரில் உள்ள வீட்டில். நகையெல்லாம் மாமியாரின் பீரோவில். இரண்டு முறை மகளிர் காவல் நிலையத்துக்குப் போனார்கள். இரண்டு முறையும் “இனி அடிக்க மாட்டேன்” என்று எழுதி வாங்கிக்கொண்டு சேர்த்து அனுப்பிவிட்டார்கள். தங்கைக்கு விவாகரத்து வேண்டாம், அவரை ஜெயிலில் போடவும் மனமில்லை. வேலையும் இல்லை, கையில் காசும் இல்லை. தமிழ்நாட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு என்னதான் வழி?

வழி இருக்கிறது. ஆனால் அது காவல் நிலையத்தில் கிடைப்பதில்லை, நீதிமன்றத்தில் கிடைப்பது. ஸ்டேஷன் வாசலில் இரண்டு முறை நின்றுவிட்டுத் திரும்பியவர்கள் “சட்டம் நமக்கு ஒன்றும் செய்யாது” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் நின்றுபோன இடம் அதுதான்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. கோர்ட் வளாகத்தில் ‘டி.வி. கேஸ்’ (டொமஸ்டிக் வயலன்ஸ், அதாவது குடும்ப வன்முறை) என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். யாரையாவது தண்டிப்பது இந்தச் சட்டத்தின் முதல் வேலை இல்லை. அடிக்காதே, வீட்டை விட்டுத் துரத்தாதே, மாதம் இவ்வளவு கொடு, நகையைத் திருப்பிக் கொடு என்று நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவு போடுவதுதான் முதல் வேலை. விவாகரத்து கேட்க வேண்டியதில்லை. தனியாக வந்துவிட வேண்டும் என்றும் இல்லை. அதே வீட்டில் இருந்துகொண்டே மனுப் போடலாம். பாதுகாப்பு உத்தரவை அவர் மீறினால் மட்டுமே அது குற்றமாகிறது: ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அந்தக் குற்றத்துக்கு ஸ்டேஷன் ஜாமீன் கிடையாது. ஸ்டேஷனில் எழுதி வாங்கிய காகிதத்தை மீறினால் இதில் எதுவுமே நடக்காது. இரண்டு காகிதத்துக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு பெரியது.

அடி மட்டும்தான் வன்முறை என்று சட்டம் சொல்லவில்லை. கெட்ட வார்த்தை, பெண் குழந்தை பெற்றதற்குக் குத்திக்காட்டுவது, பிறந்த வீட்டுக்குப் போனில் பேசவிடாமல் தடுப்பது எல்லாம் இதில் வரும். பொருளாதார வன்முறைக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ஏ.டி.எம். கார்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இழுத்தடிப்பது, நகையை அடகு வைப்பது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது இவற்றையெல்லாம் மனுவில் எழுதலாம், எழுத வேண்டும். பாலியல் வன்முறையும் இதில் உண்டு. பதினெட்டு வயது நிறைந்த மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்தினால் அதை வல்லுறவுக் குற்றமாக இன்றைய தண்டனைச் சட்டம் ஏற்பதில்லை. ஆனால் டி.வி. சட்டம் அதை வன்முறை என்றே ஏற்கிறது, அதன் பேரில் உத்தரவும் வாங்கலாம். பெண்கள் வாய்விட்டுச் சொல்லாமல் விடுவது இதைத்தான். விசாரணையை மூடிய அறையில் நடத்தும்படி கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

சரி, மாமனார் வீடு. “வீடு என் பெயரில் இருக்கிறது, வெளியே போ” என்று அவர் சொல்வார். 2006 டிசம்பரில் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வைத்துப் பல வருஷம் இந்த வாதம் எடுபட்டது. 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றமே மாற்றிவிட்டது. வீடு கணவர் பெயரில் இல்லாவிட்டாலும், மனைவி அங்கே நிலையாகக் குடும்பம் நடத்தியிருந்தால் அதுவும் ‘பகிர்ந்து வாழும் இல்லம்’தான்; சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் அவரை வெளியேற்ற முடியாது. வீடு அவருக்குச் சொந்தமாகிவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை, குடியிருக்கும் உரிமை மட்டும்தான். மாமனார், மாமியார் மூத்த குடிமக்கள் சட்டத்தின் கீழ் வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனுக் கொடுத்து மருமகளை வெளியேற்றப் பார்ப்பதும் இப்போது நடக்கிறது. 2020 டிசம்பரில் வனிதா என்பவரின் வழக்கில், ஒரு சட்டத்தைக் காட்டி இன்னொன்றில் உள்ள குடியிருப்பு உரிமையை அப்படியே துடைத்துவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் வந்தால் பயந்துபோய்ப் பெட்டி கட்ட வேண்டாம், வக்கீலிடம் காட்டுங்கள்.

மாமியார் மீதும் மனுப் போட முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். எதிர்மனுதாரர் வயதுவந்த ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இருந்த வார்த்தைகளை 2016இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆனால் முடியும் என்பதற்காக நாத்தனார், கொழுந்தன், பெங்களூரில் இருக்கும் ஓரகத்தி வரை எல்லோர் பெயரையும் எழுதாதீர்கள். யார் என்ன செய்தார் என்று குறிப்பாகச் சொல்லாமல் குடும்பத்தையே இழுத்துவிடும் புகார்களை நீதிமன்றங்கள் தொடர்ந்து ரத்து செய்கின்றன. உண்மையாகச் சித்திரவதை செய்தவரின் மீதான பகுதியும் அதில் வலுவிழக்கும். கணவரும் மாமியாரும் செய்தார்கள் என்றால் அந்த இருவர் மட்டும் போதும்.

எந்த ஊரில் மனுப் போடுவது என்பது பலரைத் தடுக்கும் கேள்வி. தங்கை தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரே போதும். அவர் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால் உங்கள் ஊர் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்திலேயே போடலாம், கணவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பல மாவட்டங்களில் இதற்கு மகிளா நீதிமன்றம் தனியாக இருக்கிறது. “நடந்து வருஷக்கணக்காகிவிட்டதே” என்ற தயக்கமும் வேண்டாம். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் ஓராண்டுக் கெடு தாண்டிவிட்டது என்று உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. அந்தக் கெடு இந்த மனுவுக்குப் பொருந்தாது என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இனி ஆதாரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வழக்கு ஜெயிப்பதும் இழுபடுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

அரசு மருத்துவமனையில் காயத்தோடு போனால் டியூட்டி டாக்டர் முதலில் கேட்பது “எப்படி ஆச்சு?” என்பதுதான். பக்கத்தில் கணவரோ மாமியாரோ நிற்பார்கள். “பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டேன்” என்று இவர் சொல்வார். அந்த வாக்கியம் அப்படியே விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) ஏறிவிடும். ஒரு வருஷம் கழித்துக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஏ.ஆர். காப்பியைத்தான் நீட்டுவார். ஆகவே அடுத்த முறை காயம் பட்டால், கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லும்படி நர்ஸிடம் கேட்டுவிட்டு, யார், எதனால், எங்கே அடித்தார் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பு பொய் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. அப்போது யார் கூட நின்றார்கள் என்பதை மனுவில் எழுதிவிட்டால் நடுவருக்குப் புரியும். காயத்தைப் படம் எடுக்கும்போது முகத்தோடு சேர்த்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று, இரண்டு நாள் கழித்துக் கன்றிப்போன பிறகு ஒன்று எடுங்கள். எடுத்த போனையே மாற்றாமல் வைத்திருங்கள். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் மட்டும் இருந்து போன் இல்லாமல் போனால் சிக்கல். மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழை வக்கீல் தயாரித்துக்கொள்வார். மனைவிக்குத் தெரியாமல் கணவர், கணவருக்குத் தெரியாமல் மனைவி பதிவு செய்த பேச்சைக் குடும்ப வழக்கில் ஆதாரமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. இந்தத் தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டும் என்பதை நினைவில் வைத்து, போனில் நிதானமாகப் பேசச் சொல்லுங்கள்.

மனுவில் எழுதும் விதம்: “எதிர்மனுதாரர் மனுதாரரை உடலளவிலும் மனதளவிலும் கொடுமைப்படுத்தி வந்தார்” என்பது எல்லா மனுவிலும் இருக்கும் வரி, அதைப் படித்துப் படித்து நடுவருக்கு மரத்துப்போயிருக்கும். “போன தீபாவளிக்கு மறுநாள் இரவு, சின்னவன் அழுததற்காகக் குக்கர் மூடியால் இடது தோளில் அடித்தார், மேல்வீட்டு அக்கா கதவைத் தட்டியபின் நிறுத்தினார்” என்பது வேறு மாதிரி. தேதி நினைவில்லையென்றால் பண்டிகை, பள்ளித் திறப்பு, யாருடைய காதுகுத்து என்று ஏதாவது ஒன்றைப் பிடித்து எழுதலாம். தங்கையை உட்காரவைத்து முதல் சம்பவம், மிக மோசமான சம்பவம், கடைசிச் சம்பவம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அதுவே பாதி மனு.

உதவிக்கு யாரிடம் போவது? எந்த நேரமும் கூப்பிடலாம் என்றால் 181, மகளிர் உதவி எண். அடி விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் 112. ஒவ்வொரு மாவட்டத்திலும் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. சிகிச்சை, ஆலோசனை, சட்ட உதவி, போலீஸ் தொடர்பு எல்லாம் ஒரே இடத்தில், பிள்ளைகளோடு ஐந்து நாள் வரை தங்கவும் முடியும். அதற்கு மேல் தங்க வேண்டுமென்றால் சக்தி சதன், அரசு சேவை இல்லம் போன்றவற்றுக்கு அவர்களே அனுப்பிவைப்பார்கள். வேலை கிடைத்துவிட்ட பெண்களுக்கு அரசின் ‘தோழி’ விடுதிகள் சில ஊர்களில் உண்டு. சென்னையில் இருப்பவர்களுக்கு பி.சி.வி.சி. என்ற தொண்டு நிறுவனம் இதே வேலையைப் பல வருஷமாகச் செய்துவருகிறது.

வழக்குக்கு முக்கியமானவர் பாதுகாப்பு அலுவலர். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் இருப்பார். தங்கை சொல்வதைக் கேட்டுக் குடும்பச் சம்பவ அறிக்கை எழுதி, நடுவருக்கு மனுவை அனுப்பிவைப்பது அவர் கடமை. ஒரு மாவட்டம் முழுக்க அவர் தலையில் என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள், தாமதமாகும். அந்த அறிக்கை வந்தால்தான் நீதிமன்றம் உத்தரவு போட முடியும் என்று இல்லை. 2022 மே மாதம் பிரபா தியாகி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. நேரமில்லையென்றால் வக்கீல் மூலம் நேராகவே மனுப் போடலாம். வக்கீலுக்குக் காசு? பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்றுகூடப் பார்க்காமல் இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டு; 1987ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், போன் என்றால் 15100. இலவச வக்கீல் என்றால் மட்டம் என்ற பேச்சைக் கேட்டுக் கடன் வாங்காதீர்கள். கிடைத்த வக்கீல் சரியில்லையென்றால் மாற்றித் தரும்படி அங்கேயே எழுதிக் கொடுக்கலாம்.

மனுவோடு சேர்த்து இடைக்கால மனு ஒன்று கட்டாயம் போடச் சொல்லுங்கள். முதல் விசாரணை மூன்று நாளுக்குள், முடிவு அறுபது நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அப்படி இல்லை, வாய்தா மேல் வாய்தா போகும். ஆகவே முக்கிய வழக்கு நடக்கட்டும், உடனடித் தேவைக்கு 23ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு என்பதுதான் நடைமுறை அறிவு. ஆபத்து அவசரமென்று சத்தியப்பிரமாணத்தோடு சொன்னால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே நடுவர் உத்தரவு போடலாம். கேட்பதைப் பட்டியலாகக் கேளுங்கள்: அடிக்கவோ வேலையிடத்துக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கு வரவோ கூடாது, வீட்டில் எந்த அறை, சமையலறை, பாத்ரூம் இவருக்கு, அது முடியாதென்றால் வாடகைப் பணம், மாதச் செலவு, பிள்ளைகள் தற்போதைக்கு யாரிடம், உத்தரவை நிறைவேற்ற எந்தக் காவல் நிலையம் துணை நிற்க வேண்டும். கணவரை வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு, ஆனால் மாமியாரையோ வேறு பெண்ணையோ அப்படி வெளியேற்ற முடியாது. உத்தரவின் நகல் இலவசம். அதில் ஒன்றை உள்ளூர் ஸ்டேஷனில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பணம் கேட்கும்போது இரு தரப்பும் வருமானம், சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்பது 2020இல் ரஜ்னேஷ்–நேஹா வழக்குக்குப் பிறகு வந்த நடைமுறை. ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்காகும் என்பதையும் அந்தத் தீர்ப்புதான் நிலைநிறுத்தியது. அதனால் “பார்க்கலாம், பொங்கல் முடியட்டும்” என்று மனுவைத் தள்ளிப்போட்டால் அந்த மாதங்களின் பணம் போயிற்று. அவர் மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளத்திலிருந்தே பிடித்து நேரடியாகத் தரும்படி முதலாளிக்கு உத்தரவிடச் சொல்லலாம். தராமல் ஏமாற்றினால் வாரண்ட் மனு. பாக்கியை ஒரு வருஷத்துக்கு மேல் சேரவிடாதீர்கள்.

நகை தங்கையின் சீதனம், அதாவது அவருக்கே சொந்தமானது; அதைத் திருப்பித் தர உத்தரவிடலாம். ஆனால் எத்தனை பவுன், என்ன நகை என்று காட்ட வேண்டும். கல்யாண ஆல்பம், வீடியோ, நகைக்கடை பில், அடகு ரசீது இவையே சாட்சி. ஆல்பம் மாமியார் வீட்டில் இருந்தால் போட்டோகிராபரிடம் நகல் கிடைக்கும். முதலில் அவரிடம் போங்கள்.

ஸ்டேஷனை முழுக்க ஒதுக்கச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 1992இலிருந்து அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன, உயிருக்கு ஆபத்து என்றால் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். புகார் கொடுத்தால் கையில் வருவது சி.எஸ்.ஆர். ரசீதா, எஃப்.ஐ.ஆர். நகலா என்று பாருங்கள். சி.எஸ்.ஆர். என்றால் மனு பதிவாகியிருக்கிறது, வழக்கு பதிவாகவில்லை என்று பொருள். இருந்தாலும் அதைத் தூக்கிப் போடாதீர்கள், அந்தத் தேதியில் புகார் கொடுத்ததற்கு அதுவே சாட்சி. பழைய இரண்டையும் தேடி எடுங்கள். மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கான பழைய தண்டனைச் சட்டப் பிரிவு 498ஏதான், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 85ஆம் பிரிவு. மூன்று வருஷம் வரை சிறை. புகார் கொடுத்த மறுநாளே கைது என்பது 2014ஆம் ஆண்டு அர்னேஷ் குமார் தீர்ப்புக்குப் பின் வழக்கமில்லை, நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பார்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையவில்லையென்றால் நடுவரிடம் மனு. தங்கைக்குக் கிரிமினல் வழக்கில் விருப்பம் இல்லையென்று சொன்னீர்கள், அது அவர் முடிவு. டி.வி. மனுப் போட இது எதுவும் முன்நிபந்தனை இல்லை.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அடிக்கும் கணவன் மிக மூர்க்கமாவது, இவள் கையை விட்டுப் போகிறாள் என்று தெரியும் நேரத்தில்தான். ஆகவே “கேஸ் போடப் போறேன்” என்று சண்டைக்கு நடுவில் சொல்ல வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லிவையுங்கள். வெளியேறுவதென்றால் அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில். ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ரேஷன் கார்டின் படம், பாஸ்புக், மருந்துச் சீட்டுகள், கல்யாணப் பத்திரிகை ஆகியவற்றின் நகல் முன்கூட்டியே உங்கள் வீட்டில் இருக்கட்டும். அப்புறம் அந்த போன். வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்தில் வேறு கருவி இருக்கிறதா, கூகுள் கணக்கு அவர் போனிலும் திறந்திருக்கிறதா, கூகுள் மேப்பில் இருப்பிடம் பகிரப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். புகைப்படம் எடுத்த நிமிஷமே அவர் போனில் தெரிகிற நிலையும் இருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் திடீரென்று அணைத்தால் அவருக்குச் சந்தேகம் வரும். வீட்டில் இருக்கும்வரை உங்கள் போனிலிருந்து பேசுவதே நல்லது.

பிள்ளைகளின் படிப்புக்காகவே பலர் அந்த வீட்டில் தங்கிவிடுகிறார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை டி.சி. இல்லை என்பதற்காக அரசுப் பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கவோ தாமதிக்கவோ கூடாது. உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டு டி.சி.யை அப்புறம் வாங்கலாம்.

வழக்கு தொடங்கியபின் சமரசப் பேச்சு வரும். தங்கை அந்த வீட்டில் நிம்மதியாக இருக்கத்தான் ஆசைப்படுகிறார் என்றால் சமரசத்தை மறுக்க வேண்டியதில்லை. ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் பேசி முடித்து மனுவை வாபஸ் வாங்கினால் பழையபடி வெறுங்கைதான். நிபந்தனைகளை நீதிமன்றத்தில் எழுத்தாகப் பதிவு செய்து, அதன் பேரில் உத்தரவும் வாங்கிய பிறகு சேர்ந்து வாழட்டும்.

முதல் வேலையாக நோட்டையும் பழைய சி.எஸ்.ஆர். ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு தங்கையோடு சமூகநல அலுவலகத்துக்குப் போங்கள். பல மாவட்டங்களில் அது ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே இருக்கும். திங்கட்கிழமை வேண்டாம், குறைதீர் கூட்டத்தில் ஒருவரையும் பிடிக்க முடியாது. செவ்வாயோ புதனோ காலையில் போனால் உட்காரவைத்துக் கேட்பார்கள்.